'செட்டில்டு' என்றால் 'க்ளோஸ்டு' இல்லை: கையெழுத்துக்கு முன் பிரித்துப் பார்க்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள்

லோன், நாமினி, லீஸ், கேரன்டி... இந்த வார்த்தைகளை யாரும் அகராதியில் தேடுவதில்லை. பேச்சுத் தமிழில் அவை எப்போதோ கலந்துவிட்டன. 'லோனை செட்டில் பண்ணிட்டேன்', 'லீஸுக்கு வீடு பார்க்கிறோம்', 'அம்மாவை நாமினியா போட்டிருக்கேன்' என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பேச்சில் ஒரு பொருளில் புழங்கும் சொல், வங்கிப் படிவத்திலும் ஆஃபர் லெட்டரிலும் வேறு பொருளில் இருக்கும். அதன் பக்கத்திலேயே, பார்க்க ஒரே மாதிரி தெரியும் இன்னொரு சொல்லும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' இரண்டையும் மாற்றி எழுதினால் ஒரு மார்க் போகும். இந்தச் சொற்களை மாற்றிப் புரிந்துகொண்டால் போவது சில சமயம் பல லட்சம்.

வேலை, கடன், வீடு, காப்பீடு என்று இளம் வயதில் வரிசையாகக் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில், அதிகம் குழப்பும் சொல் ஜோடிகள் இவை.

செட்டில்டு – க்ளோஸ்டு

கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் ரூபாய் பாக்கி. பல மாதமாகக் கட்டவில்லை. ஒருநாள் போன் வருகிறது: "சார், 45 ஆயிரம் கட்டிடுங்க, செட்டில் பண்ணிடலாம். அதோட முடிஞ்சிடும்." கேட்க நிம்மதியாக இருக்கும். பணத்தைக் கட்டியதும் கடன் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள்.

கடன் தகவல் அறிக்கையில் அது அப்படிப் பதிவாவதில்லை. 'க்ளோஸ்டு' என்றால் வாங்கிய கடனை முழுதாகக் கட்டி முடித்தவர். 'செட்டில்டு' என்றால் முழுதாகக் கட்ட முடியாமல், கிடைத்தவரை போதும் என்று வங்கி விட்டுக்கொடுத்த கணக்கு. மூன்று வருடம் கழித்து வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது, அடுத்த வங்கியின் கண்ணில் முதலில் படுவது அந்த ஒற்றைச் சொல்தான். கடன் மறுக்கப்படலாம், அல்லது வட்டி கூடலாம்.

வேறு வழியே இல்லாதவர்களுக்கு செட்டில்மென்ட் ஒரு நல்ல வெளியேறும் வழிதான். ஆனால் கட்ட முடிகிற நிலையில் இருப்பவர், 'தள்ளுபடி கிடைக்குதே' என்று மட்டும் அதைத் தேர்ந்தெடுத்தால் பிற்பாடு விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே செட்டில்டு என்று பதிவாகியிருந்தால், மீதித் தொகையைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, பதிவைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய 4 கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறான பதிவு பற்றிப் புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்வு வராவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது.

ரைட் ஆஃப் – வெய்வர் – மொரட்டோரியம்

'வங்கிகள் இத்தனை ஆயிரம் கோடி கடன் தள்ளுபடி' என்று ஒரு செய்தி. 'விவசாயிகளின் பயிர்க்கடன் தள்ளுபடி' என்று இன்னொரு செய்தி. இரண்டிலும் தமிழில் 'தள்ளுபடி'தான். ஆங்கிலத்தில் முதலாவது ரைட் ஆஃப், இரண்டாவது வெய்வர். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது.

ரைட் ஆஃப் என்பது வங்கியின் கணக்குப் புத்தகத்துக்குள் நடப்பது. நீண்ட நாள் வராத கடனை, சொத்துக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கடன் வாங்கியவரின் பொறுப்பு அப்படியேதான் இருக்கும். வழக்கு, ஏலம், வசூல் எல்லாம் தொடரலாம். ஒருவரின் கடன் அறிக்கையில் 'ரிட்டன் ஆஃப்' என்று இருந்தால், 'கடன் போயிடுச்சு' என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இருப்பதிலேயே மோசமான குறிப்புகளில் அதுவும் ஒன்று.

வெய்வரில் கடனே நீங்குகிறது. 2021-ல் தமிழ்நாடு அரசு கூட்டுறவு வங்கிகளில் இருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது இந்த வகை. விவசாயி திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, அந்தச் சுமையை அரசு ஏற்கிறது. 2008-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின் பெயரிலேயே 'வெய்வர்', 'ரிலீஃப்' என்று இரண்டு சொற்கள் இருந்தன. சிறு, குறு விவசாயிகளுக்கு முழுக் கடனும் நீங்கியது, அது வெய்வர். மற்ற விவசாயிகள் 75 சதவீதத்தைக் கட்டினால் மீதி 25 சதவீதம் நீங்கும், அது ரிலீஃப்.

மூன்றாவது சொல் மொரட்டோரியம். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. 'ஆறு மாசம் இ.எம்.ஐ. கிடையாதாம்' என்று அது பரவியது. உண்மையில் தள்ளிப்போனது தேதி மட்டும்தான். அசலும் இருந்தது, அந்த மாதங்களுக்கான வட்டியும் ஏறியது. பிறகு 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி வசூலிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னது. சாதாரண வட்டியை யாரும் நீக்கவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், வெய்வர் என்றால் கட்ட வேண்டாம். மொரட்டோரியம் என்றால் பிறகு கட்டலாம். ரைட் ஆஃப் என்றால் கட்டவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஃப்ளாட் – ரெட்யூசிங்

"வட்டி வெறும் 12 பர்சென்ட்தான்" என்று சொன்னால், அடுத்த கேள்வி இதுவாக இருக்க வேண்டும்: ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?

ஃப்ளாட் முறையில், கடைசித் தவணை வரைக்கும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ரெட்யூசிங் முறையில், ஒவ்வொரு மாதமும் அசல் குறையக் குறைய, மீதிக்கு மட்டும்தான் வட்டி.

ஒரு லட்சத்து 20 ஆயிரம் ரூபாய், 12 மாதத்தில் திருப்பிக் கட்டும் கடன் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம் ஃப்ளாட் என்றால் வட்டி 14,400 ரூபாய், மாதத் தவணை 11,200 ரூபாய். அதே 12 சதவீதம் ரெட்யூசிங் என்றால் தவணை சுமார் 10,662 ரூபாய். மொத்த வட்டி 8,000 ரூபாயைக்கூடத் தொடாது. திருப்பிப் பார்த்தால், இந்தக் கடனில் 12 சதவீத ஃப்ளாட் வட்டி என்பது ஏறக்குறைய 21.5 சதவீத ரெட்யூசிங் வட்டிக்குச் சமம். எண் ஒன்றுதான், பின்னால் நிற்கும் சொல்தான் கணக்கை மாற்றுகிறது.

டூவீலர் கடன், பர்சனல் லோன், வீட்டு உபயோகப் பொருள் கடன் வாங்கும்போது இதைக் கேட்டே ஆக வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் வட்டியை மட்டும் பார்க்காமல் 'ஏ.பி.ஆர்.' எவ்வளவு என்று பாருங்கள். வட்டியோடு செயலாக்கக் கட்டணம் போன்றவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்று காட்டும் எண் அது. இரண்டு கடன்களை ஒப்பிட நியாயமான அளவுகோல் அதுதான்.

விட்னஸ் – கேரன்டர்

"ஃபார்மாலிட்டிக்குத்தான் தம்பி, இங்க ஒரு கையெழுத்து." சொந்தக்காரர்களோ கூட வேலை பார்ப்பவர்களோ இப்படிக் கேட்டால் மறுப்பது கஷ்டம். ஆனால் கையெழுத்துப் போடும் கட்டத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது கஷ்டமில்லை.

'விட்னஸ்' என்றிருந்தால் சாட்சி. இவர் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார் என்று சொல்வது மட்டும்தான் பொறுப்பு. கடனுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

'கேரன்டர்' அல்லது 'ஷ்யூரிட்டி' என்றிருந்தால் ஜாமீன்தாரர். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது. 'முதல்ல அவர்கிட்ட கேளுங்க, அவர் தரலைன்னா என்கிட்ட வாங்க' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கடனாளியிடம் எல்லா வழிகளிலும் முயன்று பார்த்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே தெளிவாக்கிவிட்டது.

'கோ-அப்ளிகன்ட்' இன்னும் ஒரு படி மேலே. அவர் கடனாளிகளில் ஒருவராகவே சேர்கிறார். முதல் தவணை முதல் அந்தக் கடன் அவருடைய கடன் அறிக்கையிலும் இருக்கும். நண்பருக்காகக் கோ-அப்ளிகன்ட் ஆனவருக்கு, நாளை சொந்த வீட்டுக்கடன் தகுதியும் அந்த அளவுக்குக் குறையலாம்.

நாமினி – லீகல் ஹேர்

நாமினியாகப் பெயர் போட்டால் பணம் அவருக்குத்தான் சொந்தம் என்பது பரவலான நம்பிக்கை. பெரும்பாலான இடங்களில் அது தவறு.

நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர். லீகல் ஹேர், அதாவது சட்டப்படியான வாரிசு, அந்தப் பணத்தின் உரிமையாளர். வங்கியோ நிறுவனமோ நாமினியிடம் கொடுத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. வாங்கிய நாமினி அதை வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். 1983 டிசம்பரில் ஆயுள் காப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 2023 டிசம்பரில், பங்குகளுக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதே நிலைதான் என்று மீண்டும் உறுதி செய்தது.

கல்யாணத்துக்கு முன் அம்மாவை நாமினியாகப் போட்டு, பிறகு மாற்ற மறந்தவர்கள் ஏராளம். திருமணமான ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வரிசை வாரிசுகள். வங்கி டெபாசிட்டுக்கு நாமினி அம்மா மட்டும்தான் என்றால், பணம் முதலில் அவர் கைக்குப் போகும், பங்கு எல்லோருக்கும் உண்டு. துக்க வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே மனக்கசப்பு வர இந்த ஒரு காகிதம் போதும்.

ஒரு முக்கியமான விதிவிலக்கும் உண்டு. 2015-ல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால், அவர்கள் பயன் உரிமையுள்ள நாமினிகள் என்று சட்டம் சொல்கிறது. அண்ணனையோ நண்பரையோ போட்டால் அந்த அந்தஸ்து கிடைக்காது.

இதில் புதிதாக இன்னொரு ஜோடியும் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு 4 பேர் வரை நாமினியாகப் போடலாம். படிவத்தில் 'சைமல்டேனியஸ்', 'சக்சஸிவ்' என்று இரண்டு வாய்ப்புகள் இருக்கும். முதலாவதில் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில், எழுதிக்கொடுத்த சதவீதப்படி பணம் பிரியும். இரண்டாவதில் வரிசையில் முதலில் இருப்பவருக்கே எல்லாம் போகும். அவர் உயிரோடு இல்லாவிட்டால்தான் அடுத்தவருக்கு வாய்ப்பு. இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் போகட்டும் என்று நினைத்து 'சக்சஸிவ்' கட்டத்தில் டிக் அடித்தால், நினைத்தது ஒன்று, நடப்பது ஒன்று ஆகிவிடும். வங்கி லாக்கருக்கு சக்சஸிவ் மட்டுமே உண்டு.

லீஸ் – ரென்ட் – லைசென்ஸ்

தமிழ்நாட்டில் 'லீஸ்' என்றால் ஒரே அர்த்தம்தான்: மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது பணம் திரும்பக் கிடைக்கும். தென் மாவட்டங்களில் இதை ஒத்தி என்பார்கள், போக்கியம் என்ற சொல்லும் உண்டு.

ஆங்கிலச் சட்டச் சொல்லான லீஸ் அது இல்லை. மாத வாடகைக்குக் குடியிருப்பதும் சட்டத்தின் பார்வையில் லீஸ்தான். அந்த லீஸுக்காகக் கொடுக்கும் பணம்தான் ரென்ட். பெங்களூருவிலோ வெளிநாட்டிலோ உள்ள ஒரு நிறுவனம் 'லீஸ் அக்ரிமென்ட் அனுப்புங்கள்' என்று கேட்டால், அவர்கள் கேட்பது சாதாரண வாடகை ஒப்பந்தத்தைத்தான்.

நம்மூர் லீஸில்தான் ஆபத்து அதிகம். பெரிய தொகையை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக வீட்டை அனுபவிக்கக் கொடுப்பது போக்கியம் என்றால், அது சட்டப்படி ஒருவகை அடமானம். சொத்து மாற்றுச் சட்டத்தின்படி அதைப் பதிவு செய்ய வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும். ஆனால் நடைமுறையில் 8 லட்சம், 10 லட்சம் எல்லாம் ஒரு முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. பதிவு செய்யாவிட்டால் அது வில்லங்கச் சான்றிதழில் வராது. வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, அது வாராக்கடனாகி வீடு ஏலத்துக்கு வந்தால், பணம் கொடுத்துக் குடியிருப்பவர் நடுத்தெருவில் நிற்க நேரிடும். பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பதும், அசல் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்பதும் கட்டாயம்.

சாதாரண வாடகைக்கும், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் தேவை. '11 மாசம்தானே, பதிவு வேணாம்' என்ற பழைய பழக்கம் அந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது.

'லைசென்ஸ்' வேறு. லீஸில் குடியிருப்பவருக்கு அந்த இடத்தின் மேல் ஓர் உரிமை பிறக்கிறது. லைசென்ஸில் கிடைப்பது, இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டும்தான். பி.ஜி. விடுதியின் படுக்கையும், கோ-வொர்க்கிங் அலுவலகத்தின் மேசையும் பெரும்பாலும் இந்த வகை. வாடகைதாரருக்கு உள்ள பாதுகாப்பு இதில் கிடைக்காது. ஆனால் தலைப்பில் 'லைசென்ஸ்' என்று எழுதிவிட்டால் மட்டும் அது லைசென்ஸ் ஆகிவிடாது. ஒப்பந்தத்தின் சாரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று 1959-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சி.டி.சி. – டேக் ஹோம், ஷல் – மே

'பேக்கேஜ் ஆறு லட்சம்' என்றதும் மனசு 12-ஆல் வகுத்து, மாதம் 50 ஆயிரம் என்று கணக்குப் போட்டுவிடும். சி.டி.சி. என்பது ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. கைக்கு வருவது டேக் ஹோம்.

ஓர் உதாரணக் கணக்கு. சி.டி.சி. 6,00,000. அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000. இதில் நிறுவனம் கட்டும் பி.எஃப். ஆண்டுக்கு 36,000, கிராஜுவிட்டி ஒதுக்கீடு 14,430, வேரியபிள் பே 60,000, குழுக் காப்பீட்டு பிரீமியம் 9,570. இவை மட்டும் 1,20,000 ரூபாய். மீதி 4,80,000. அதாவது மாத கிராஸ் 40,000. ஊழியரின் பங்கான பி.எஃப். 3,000 போனால் 37,000. தொழில் வரி தனி. 50 ஆயிரம் என்று நினைத்து வீட்டு வாடகையும் இ.எம்.ஐ.யும் முடிவு செய்திருந்தால் முதல் மாதமே இடிக்கும்.

இதில் கிராஜுவிட்டி, நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் கிடைக்கும். இரண்டு வருடத்தில் மாறிவிடுபவருக்கு அது பேப்பரில் இருக்கும் பணம்.

வேரியபிள் பே பற்றிய வாக்கியத்தில் ஒரு சின்னச் சொல்லைத் தேடுங்கள். 'ஷல் பி பெய்டு' என்றிருந்தால் கொடுத்தாக வேண்டும் என்று வாதாட இடமிருக்கிறது. 'மே பி பெய்டு' என்று எழுதி, அதோடு 'நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது' என்ற பொருளில் ஒரு தொடரும் சேர்ந்திருந்தால், கிடைத்தால் உண்டு என்றுதான் அர்த்தம். அதை மாதச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

ரெசிக்னேஷன் – ரெட்ரென்ச்மென்ட் – லே ஆஃப்

"நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும்." ஆட்குறைப்புக் காலத்தில் எச்.ஆர். அறையில் கேட்கும் வாக்கியம் இது. அந்த மெயிலை அனுப்பும் முன் வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ரெசிக்னேஷன் என்றால் ஊழியர் தானாக விலகியது. ரெட்ரென்ச்மென்ட் என்றால், ஊழியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லாமல், நிறுவனமே வேலையை விட்டு எடுத்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை அப்படி எடுக்க ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும். தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் பொருந்தக்கூடியவர் 'ரிசைன் செய்கிறேன்' என்று எழுதிவிட்டால், இழப்பீடு கேட்கும் அடிப்படையே ஆட்டம் காணும். கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழும்.

'லே ஆஃப்' இன்னொரு குழப்பம். அமெரிக்கச் செய்திகளைப் படித்துப் படித்து, வேலையை விட்டு அனுப்புவதற்கு லே ஆஃப் என்கிறோம். இந்தியச் சட்டத்தில் லே ஆஃப் என்றால் மூலப்பொருள் இல்லை, மின்சாரம் இல்லை, இயந்திரம் பழுது போன்ற காரணங்களால் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை. வேலை உறவு அறுந்துவிடுவதில்லை.

ஓய்வூதியம் உள்ள வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஜோடி முக்கியம்: ரெசிக்னேஷன், வாலன்டரி ரிட்டயர்மென்ட். டெல்லி மின் விநியோகத் துறையில் 1990-ல் ராஜினாமா செய்த ஒருவர், 20 ஆண்டு வேலை பார்த்ததால் அதை விருப்ப ஓய்வாகக் கருதி ஓய்வூதியம் தர வேண்டும் என்று கேட்டார். ராஜினாமா என்றால் முந்தைய பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும், இரண்டும் ஒன்றாகாது என்று 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடிதத்தில் எந்தச் சொல்லை எழுதினார் என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது.

டிடக்டிபிள் – கோ-பே

மருத்துவக் காப்பீட்டில் இரண்டுமே 'உங்கள் பங்கு'தான். டிடக்டிபிள் ஒரு நிலையான தொகை, அதைத் தாண்டிய பிறகுதான் காப்பீடு தொடங்கும். கோ-பே ஒரு சதவீதம், பில் கூடக் கூட அதுவும் கூடும்.

டிடக்டிபிள் 50 ஆயிரம் உள்ள ஒரு பாலிசி, கோ-பே 20 சதவீதம் உள்ள இன்னொரு பாலிசி. பில் 2 லட்சம் என்றால் முதலாவதில் கைக்காசு 50 ஆயிரம், இரண்டாவதில் 40 ஆயிரம். பில் 5 லட்சமானால் முதலாவதில் அதே 50 ஆயிரம், இரண்டாவதில் ஒரு லட்சம். பெரிய சிகிச்சைக்குத்தான் காப்பீடு எடுக்கிறோம் என்பதால், பெரிய பில்லில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

'டாப் அப்', 'சூப்பர் டாப் அப்' இரண்டும் இப்படித்தான். 5 லட்சம் டிடக்டிபிளோடு ஒரு பாலிசி. ஒரே ஆண்டில் இரண்டு முறை மருத்துவமனை, ஒவ்வொரு முறையும் 4 லட்சம் பில். டாப் அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, ஒரு ரூபாயும் வராது. சூப்பர் டாப் அப் ஆண்டின் மொத்தத்தைப் பார்க்கும். 8 லட்சத்தில் 5 போக 3 லட்சம் வரும்.

கடனில் பார்த்த 'மொரட்டோரியம்' காப்பீட்டிலும் வரும், வேறு பொருளில். 5 ஆண்டு இடைவிடாமல் பிரீமியம் கட்டியவரின் மருத்துவக் காப்பீட்டு கிளெய்மை, 'முன்பே நோய் இருந்ததை மறைத்தீர்கள்' என்று சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது. மோசடி நிரூபணமானால் மட்டுமே விலக்கு. 2024 ஏப்ரலுக்கு முன் இது 8 ஆண்டாக இருந்தது.

தமிழில் கேட்பது உரிமை

ஆங்கிலம் தெரியாததால் வரும் சிக்கல் என்று இதை நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்களும் இந்தச் சொற்களில் தடுக்கி விழுகிறார்கள். இவை பேச்சு ஆங்கிலம் கிடையாது, ஒப்பந்த ஆங்கிலம்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள் போதும். இந்தச் சொல்லுக்கு இந்த ஆவணத்திலேயே விளக்கம் கொடுத்திருக்கிறார்களா? இதற்குப் பதில் வேறு எந்தச் சொல் இருந்திருக்கலாம், அப்போது என்ன மாறும்? நிலைமை மோசமானால் இந்தச் சொல்லின்படி பணம் யார் கையிலிருந்து போகும்?

கடன் வாங்குபவர்களுக்கு இன்னொரு பிடிமானமும் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத்தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஏ.பி.ஆர்., கட்டணங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதில் உள்ளதை அவருக்கு விளக்கிச் சொல்லவும் வேண்டும். 7 நாளோ அதற்கு மேலோ தவணைக்காலம் உள்ள கடன் என்றால், யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது 3 வேலை நாள் அவகாசமும் உண்டு.

"இன்னைக்கே சைன் பண்ணாதான் இந்த ரேட்" என்று அவசரப்படுத்தினால், "விவரத்தாளைத் தமிழ்ல குடுங்க, படிச்சுப் பார்த்துட்டு வர்றேன்" என்று தயங்காமல் சொல்லலாம்.